டர்பனிலிருந்து வரும் பங்காளி

அன்புள்ள கொடுமுடி அன்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் குடும்பம் ஒன்று உங்களைத் தேடிப் பிடித்திருக்கிறது. அவர்கள் பெயருக்குப் பின்னால் 'கோவெண்டர்' என்று இருக்கிறது. தங்கள் பூட்டன் கோயமுத்தூர் ஜில்லா கொடுமுடியிலிருந்து கப்பலேறியவர் என்று அவர்கள் வீட்டுப் பாட்டி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆடி அமாவாசைக்கு வந்து காவிரிப் படித்துறையில் அவருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். உங்கள் பங்காளிகளோ, "கோவெண்டர்னா கவுண்டர்தானுங்களே, நம்ம கூட்டமாத்தான் இருக்கோணும்" என்று சொல்லிக் குலதெய்வக் கோயிலில் மாலை மரியாதைக்கே ஏற்பாடு செய்யக் கிளம்பிவிட்டார்கள். இது சரிதானா, சரியென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கரூர், தாராபுரம் பக்கமிருந்தும் இதே மாதிரிக் கேள்விகள் வருவதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

மாலைக்கு இப்போதே சொல்ல வேண்டாம். முதலில் அவர்களிடமிருந்து ஒரு தாளை வரவழையுங்கள். அது எந்தத் தாள் என்று சொல்கிறேன்.

சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. நட்டால் குடியேற்ற நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போன முதல் கூட்டம் அது. 1911-இல் அந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரை போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மிச்சம் கல்கத்தா வழியாகப் போனார்கள். இவ்வளவு துல்லியமான எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது என்றால், இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை எண் போட்டு ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கும் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம் என்கிற மாதிரி. பிறகு எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்ற குறிப்பு. அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றிப் பொதுவுக்குக் கொடுத்திருக்கிறது.

உங்கள் டர்பன் குடும்பத்திடம் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலில் பூட்டனுக்கு உள்ள ஒரு வரியின் நகலைத்தான். அவர்கள் அனுப்பிய வம்சமரப் படம் வேண்டாம். அதில் பூட்டனுக்கு மேலே உள்ள கட்டங்கள் பெரும்பாலும் பாட்டி சொன்னதும் பேரன் யூகித்ததுமாகத்தான் இருக்கும். ஒருவேளை பட்டியல் வரி அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்தவர்கள் பலரும் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு அதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள்.

வந்த தாளை எப்படிப் படிப்பது? முதலில் ஆண்டைப் பாருங்கள். நட்டாலுக்குக் கப்பல் 1860-இல் தொடங்கினாலும், 1866-க்கும் 1874-க்கும் இடையில் ஆளனுப்புவது நின்றே போயிருந்தது. முதல் ஒப்பந்தம் முடிந்து 1871-இல் ஊர் திரும்பியவர்கள் கொடுமைகளைப் பற்றிச் சென்னையில் முறையிட்டார்கள். அதன் பேரில் 1872-இல் நட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, சில சீர்திருத்தங்கள் செய்த பிறகுதான் மறுபடி ஆள் போனது. ஆகவே பாட்டி '1870-லே வந்தார்' என்று சொல்லியிருந்தால் அந்த வருஷத்தை அப்படியே நம்பித் தேட வேண்டாம். ஆனால் 1876, 77 என்றால் காரணம் தேட வேண்டியதில்லை, அது தாது வருஷப் பஞ்சம். கோயமுத்தூர் ஜில்லாவின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சத்து 63 ஆயிரம். 1881-இல் சுமார் 16 லட்சத்து 58 ஆயிரம். பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய கூட்டம் ஒரு லட்சம் குறைந்துவிட்டது. செத்தவர்கள் அதிகம், போனவர்களும் உண்டு.

கொடுமுடிக்காரரான உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். காவிரிக்கரையில், காலிங்கராயன் வாய்க்கால் வந்து முடிகிற பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்தா பஞ்சம் பிழைக்கப் போனார்கள் என்று. நியாயமான சந்தேகம். என் கணிப்பு இதுதான்: பட்டியலில் கொடுமுடி என்று இருந்தாலும் ஆள் அக்ரஹாரத்துத் தெருவிலோ ஆற்றோரத்து வயற்பக்கமோ இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேற்கே, தெற்கே மானாவாரிக் காட்டுக்குள் கிடக்கிற வலசுகளில் ஒன்றாக இருக்கலாம். எழுதுகிற குமாஸ்தாவுக்கு எந்த வலசைச் சொல்லி என்ன புரியப் போகிறது? கோயில் பேர்பெற்ற ஊர், 1860-களின் முடிவில் திருச்சி–ஈரோடு ரயில் பாதை வந்த ஊர் என்று கொடுமுடியைத்தான் சொல்லியிருப்பார்கள். மறுபக்கமும் யோசியுங்கள். பட்டியலில் ஏதோ ஒரு புதுப்பாளையமோ புதூரோ இருந்தால், கொங்கு நாட்டில் அந்தப் பெயரில் எத்தனை ஊர் என்று எண்ணி மாளாது. அப்போது தாலுகாப் பெயர்தான் கைகொடுக்கும். கரூர் தாலுகா 1910 வரை கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, பிறகுதான் திருச்சிக்குப் போயிற்று. ஆற்றுக்கு அக்கரை சேலம் ஜில்லா. ஈரோடு தனி மாவட்டமானதே 1979-இல். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஜில்லாவைத் தேடினால் பாதி ஊர்கள் தப்பிவிடும். எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ் தெரியாத காதில் விழுந்து, ஆங்கில எழுத்தில் விழுந்து, பிறகு டர்பனில் பிரதி எடுத்தபோது இன்னொரு தடவை விழுந்திருக்கும். சத்தமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஊர்ப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இனி உங்கள் பங்காளிகள் ஆசைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கோவெண்டர் என்பது கவுண்டர்தான், அதில் தகராறில்லை. ஆனால் கவுண்டர் பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா? வேட்டுவக் கவுண்டர் உண்டு, ஊராளிக் கவுண்டர் உண்டு, குறும்பக் கவுண்டர் உண்டு. சேலம், வட ஆற்காடு பக்கம் வன்னியர்கள் கவுண்டர்கள். நட்டாலுக்குப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். இன்னொன்று, அந்த ஊரில் குடும்பப் பெயர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. நம் ஆட்களுக்கோ அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஆகவே ஒருவர் பட்டத்தைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார், இன்னொருவரின் தகப்பன் பெயரே பேரன் பேத்திகளுக்கெல்லாம் குடும்பப் பெயராக நின்றது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரோடு இருப்பதும் உண்டு. புது நாட்டில், பழைய ஊரில் தன்னை அமுக்கி வைத்த பெயரைக் கழற்றிவிட்டு வேறு பட்டத்தைப் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பெயரின் முன்னெழுத்தை வைத்துத் தகப்பன் வழியைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. பாடகி கே. பி. சுந்தராம்பாள் பெயரில் 'கே' கொடுமுடி, 'பி' அவருடைய தாயார் பாலாம்பாள்.

கூட்டம், காணி, குலதெய்வம் எல்லாம் தெரிந்தால் போதுமே, கொங்கில் பட்டயங்களும் செப்பேடுகளும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. புலவர் செ. இராசு ஆயுளெல்லாம் அலைந்து அவற்றைத் தேடிப் பதிப்பித்தார். ஆனால் காணியாளர் யார், எந்தக் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதைச் சொல்ல எழுந்தவை அவை. தோட்டத்துச் சாளையில் படியாளாக இருந்தவரின் பெயரை எந்தச் செப்பேட்டில் தேடுவது? வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டப் பதிவேடுகளும் இதே கதைதான். புல எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பெயர் இருக்கும், ஏர் ஓட்டியவர் பெயர் இருக்காது. கர்ணம், முன்சீப்பு வீடுகளில் பிறப்பு இறப்புக் கணக்கும் பழைய அடங்கலும் இருந்தன. 1980-இல் அந்தப் பதவிகளை ஒழித்த பிறகு எத்தனை பரண்களில் கரையான் அரித்ததோ. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்றால், வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டல் முடிந்ததும் கழித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது எண்ணிக்கை மட்டும்.

இங்கே அயர்லாந்துக்காரர்கள் படும் பாட்டைச் சொல்லத் தோன்றுகிறது. வம்சாவளி தேடுவதை அமெரிக்காவில் ஒரு பெரிய பொழுதுபோக்காகவே ஆக்கியவர்களில் அவர்களும் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா என்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கு அயர்லாந்து ஏழைகள் போனதும் இதே மாதிரி ஒப்பந்தத்தில்தான். கப்பல் கூலிக்குப் பதிலாக நாலிலிருந்து ஏழு வருஷம் உழைப்பை விற்றுவிட வேண்டும். ஆனால் அங்கே வந்திறங்கியவர்களை முறையாகப் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1819-இல், அமெரிக்கா விடுதலை பெற்று வெகுகாலம் கழித்து. அதற்கு முன் போனவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர் நிலம் என்று ஒரு விதி இருந்தது. நிலம் கேட்டவர், இன்னின்னாரை இறக்கினேன் என்று பெயர்களைப் பட்டாவில் எழுதிக்கொடுத்தார். எசமானனுக்கு நிலம் சேர்ந்த தாளில் வேலைக்காரனின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய்த் தேடினால் அங்கே வேறு இடி. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரில், டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821-லிருந்து 1851 வரை எடுத்த கணக்கெடுப்புத் தாள்கள் அநேகமாக முழுக்கச் சாம்பல். அடுத்த நாலு கணக்கெடுப்புகளின் தாள்களை அரசாங்கமே முன்னதாக அழித்திருந்தது. முழுசாக மிஞ்சியவை 1901-உம் 1911-உம்தான். நிலவரிக்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டு ஏட்டை வைத்துக்கொண்டுதான் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை இட்டு நிரப்புகிறார்கள்.

நமக்கு நிலைமை தலைகீழ். கரையிறங்கிய இடத்தில் நட்டால்காரர்கள் வரி தப்பாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். புறப்பட்ட ஊரில்தான் ஒன்றுமில்லை, யாரும் எரிக்காமலே. மனிதநேயத்தால் அவர்கள் எழுதிவிடவில்லை. முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு வந்த ஆள் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்கத்தான் அந்தத் தழும்புக் கணக்கு. ஆனாலும் கொங்கு நாட்டின் நிலமில்லாத குடும்பம் ஒன்று 1880 காலத்துத் தன் முன்னோர் பெயரை எழுத்தில் பார்க்க வேண்டுமானால், இன்றைக்கு அதற்குள்ள ஒரே இடம் அநேகமாக அந்த ஏடுதான்.

பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் பெண்களும் கணிசமாகப் போனார்கள். புருஷனோடு போனவர்கள் உண்டு, புருஷனை விட்டுப் போனவர்கள், புருஷனை இழந்து போனவர்கள், தனியாகப் போனவர்கள் உண்டு. ஒவ்வொருத்திக்கும் தனி எண், தன் தகப்பன் பெயர், தன் பிறந்த ஊர். நம்மூர் வம்சாவளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஏழு தலைமுறை ஆண்கள் வரிசையாக நிற்பார்கள், அவர்களைப் பெற்றவர்களில் ஒருத்தி பெயரும் இருக்காது. டர்பன் குடும்பத்திடம் பூட்டனின் வரியோடு பூட்டியின் வரியையும் கேளுங்கள். அவள் வேறு ஜில்லாக்காரியாக, வேறு சாதியாக, தெலுங்கு பேசியவளாகக்கூட இருக்கலாம். கப்பலேறும் முன் தங்கவைத்த டெப்போவிலும் கப்பலிலும் தோட்டத்துக் குடிசையிலும் நடந்த கல்யாணங்களுக்கு, நம் கல்யாணச் சடங்கை நடத்துகிற அருமைக்காரர் வந்து சீர் செய்யவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் கொடுமுடி ஒரு வேர் என்றால் அவள் ஊர் இன்னொரு வேர். அவர்களை அங்கேயும் போகச் சொல்லுங்கள்.

சாதிக் கட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆள் சேர்ப்பவர் எதைச் சொன்னால் எளிதாக எடுப்பார்களோ அதைச் சொல்லச் சொல்வார், குமாஸ்தா தனக்குத் தெரிந்த நாலைந்து பெயரில் ஒன்றைப் போடுவார். என்றாலும் அதில் இன்று நாம் எழுதக் கூசுகிற ஒரு பெயர் இருந்தால் என்ன செய்வீர்கள்? பறையர் என்றோ அருந்ததியரின் பழைய பெயர் என்றோ இருந்தால்? பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தவர்கள் படியாட்களும் கூலிகளும்தான். பண்ணையத்தில் தானியம் தீர்ந்ததும் ஆளைத்தான் முதலில் நிறுத்தியிருப்பார்கள். போனவர்களில் அவர்கள் பங்கு பெரிது. ஆகவே அந்தத் தாள் உங்கள் தோட்டத்துக்கு வழிகாட்டாமல் ஊருக்குக் கிழக்கே இருக்கிற காலனிக்கு வழிகாட்டுவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்படி வழிகாட்டினால் விருந்தாளிகளை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியது உங்கள் பொறுப்பு. அங்கேயுள்ள பெரியவர்களிடம், "உங்க பாட்டன் காலத்துல கண்காணாத சீமைக்குப் போனவங்க யாராச்சும் உண்டுங்களா" என்று கேளுங்கள். உங்கள் பங்காளிகளிடம் கேட்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையே கேட்டுவிட்டு, கோயில் மரியாதையும் வாங்கிக்கொண்டு, தப்பான வீட்டு விளக்கைக் கும்பிட்டுவிட்டு அவர்கள் விமானம் ஏறினால், அது பாவம்.

மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் எச்சில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். உங்கள் ஊரில் யார் கொடுத்திருக்கிறார்கள்? மேலும் தலைமுறை தலைமுறையாக ஒரு வட்டத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்து வருகிற நம்மிடம், யாரைச் சோதித்தாலும் யாருக்கோ தூரத்து உறவு என்றுதான் வரும். பணம் மிச்சமிருந்தால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். குடிபெயர்ந்தோர் தொடர்பான அரசாங்கக் கடிதப் போக்குவரத்து அங்கே இருக்கிறது. அன்னிய மண்ணில் செத்தவரின் சம்பளப் பாக்கியை ஊரில் உள்ள உறவுக்குச் சேர்க்க முயன்ற கடிதங்களில் மனைவி பெயர், அண்ணன் பெயர் தட்டுப்படும்.

ஃபிஜிக்குப் போனவர்களைத் தேடுவோருக்கு வசதி அதிகம். 1903-லிருந்து சென்னையிலிருந்து போன ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு உண்டு, நெருங்கிய உறவினர் யார் என்ற கட்டத்தோடு. மொரீஷியஸ் என்றால் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது, பலருக்குப் புகைப்படமே கிடைக்கும். மலாயாவும் இலங்கையும்தான் கடினம். கொடுமுடியில் ரயிலேறி அதே தண்டவாளத்தில் நேரே நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக் கப்பல் பிடித்தவர்களை, கங்காணியின் கைக்கணக்கைத் தவிர யாரும் ஆள்வாரியாக இப்படி எழுதி வைக்கவில்லை.

தர்ப்பணத்துக்கு வருவோம். ஹரித்வாரில் பண்டாக்கள் வைத்திருக்கிற குடும்ப ஏடுகள் மாதிரி நம் படித்துறையில் எதிர்பார்க்க வேண்டாம். நம் படித்துறையில் உட்கார்ந்ததும் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். நம்மில் பலர் அப்பாரு பெயரோடு நின்றுவிடுகிறோம். கொடுமுடி மகுடேசுவரர் கோயில் சந்நிதித் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட மூன்றாவது பெயருக்குத் தலையைச் சொறிவார். டர்பன் குடும்பத்திலிருந்து வருகிற பையனிடம் பட்டியல் வரி இருந்தால் பூட்டன் பெயரும் பூட்டனின் தகப்பன் பெயரும் எழுத்தில் இருக்கும். ஆகவே அந்தச் சடங்கைச் செய்ய அவன் எந்தச் சாதி, எந்தக் கூட்டம் என்று யாரும் தீர்மானித்துக் கொடுக்க வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லித் தண்ணீர் விடட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதாக நான் சொல்வது இவ்வளவுதான். பட்டியல் நகலை வாங்குங்கள். ஊரிலும் காலனியிலும் சுற்றுவட்ட வலசுகளிலும் எழுபது எண்பது வயதுக்காரர்களிடம் கேட்டு, கப்பலேறிப் போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், போனதோடு செய்தி அற்றுப்போனவர்கள் என்று யார் பெயர் வந்தாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண் பெயரையும் விடாதீர்கள். இதைப் படிக்கிற மற்ற கொங்கு வாசகர்களுக்கும் அதே வேண்டுகோள்தான்: தாது வருஷத்திலோ அதற்குப் பிறகோ காணாமல் போன ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சிருந்தால், பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். டர்பனில் தேடுகிறவர்கள் கேட்பதும் அந்த மூன்றைத்தான்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்